நோட்டு வாங்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்: சங்கங்களுக்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு எழுந்திருக்கிறது. விற்பனைச் சாலையில் சிப்பந்தி இல்லாத வேளையிலும் பொருள் விற்கும் தானியங்கி யந்திரம் ஒன்றை நிறுவினால் என்ன என்பதே அது. நெசவாளர் சங்கங்கள் துணிப்பையும் துண்டும் விற்க எண்ணுகின்றன. விவசாயிகள் சங்கங்கள் விதைப் பொட்டலமும் பாலும் விற்க எண்ணுகின்றன. போத்தனூர் ஜங்ஷனைப் போல் இரவும் பகலும் ஜனங்கள் வந்து போகும் இடத்தை அடுத்துள்ள சங்கத்திற்கு இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. 1862 ஆம் ஆண்டு முதல் இரயில் வண்டி நின்று செல்லும் ஊர் அது. பயணி ஒருவர் காலை நான்கு மணிக்கு வந்திறங்கினால் அவருக்கு ஒரு பை விற்க அந்நேரத்தில் கடை திறந்திராது.

யந்திரத்தின் வெளித்தோற்றத்தையும், கண்ணாடிக் கதவையும், வர்ண விளக்கையும் பார்த்து விலை பேசுவோர் பலர். அதன் உள்ளே ரூபாய் நோட்டை வாங்கிச் சோதிக்கும் சிறு கருவியைப் பற்றிக் கேட்போர் சிலரே. வியாபாரிகள் அதனை 'நோட் வேலிடேட்டர்' என்றும் 'பில் ஆக்செப்டர்' என்றும் கூறுவர். இப்பாடத்தில் அதை 'நோட்டுக் கருவி' என்றே குறிப்போம். சங்கத்தின் பணம் உள்ளே வரும் ஒரே வாசல் அதுதான். வாசற்காவலன் நல்லவரைத் திருப்பியனுப்பினாலும் நஷ்டம், கள்ளரை உள்ளே விட்டாலும் நஷ்டம். ஆகவே நிர்வாகக் குழுவினர் மட்டுமின்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம்.

1. நோட்டு வாங்கும் யந்திரம் நமக்குத் தேவையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 2016 ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்த பிறகு, கைப்பேசியால் சித்திரக் குறியைப் படம் பிடித்துப் பணம் செலுத்தும் பழக்கம் சந்தைக் கடை வரை பரவிவிட்டது. அக்குறியை மட்டும் கொண்ட யந்திரத்தில் நோட்டுக் கருவி வேண்டாம், பணப்பெட்டி வேண்டாம், சாவி வேண்டாம். விலையும் குறையும், பழுதும் குறையும். வாங்குவோரில் பெரும்பாலோர் இம்முறையிலேயே பணம் செலுத்துவராயின், நோட்டுக் கருவியைத் தவிர்ப்பது சிக்கனமாகும்.

ஆயினும் நம் விற்பனைச் சாலைக்கு வருவோர் யாவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தானையில் பத்து ரூபாய் நோட்டை முடிந்து வரும் மூதாட்டி, நாட்கூலியை நோட்டாகவே பெறும் தொழிலாளி, கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்ட பயணி ஆகியோரும் நம் வாடிக்கைக்காரர்களே. ஆகையால் முடிவு செய்யுமுன் ஒரு வார காலம் விற்பனைச் சாலையில் ரொக்கமாக எத்தனை பேர், கைப்பேசி மூலம் எத்தனை பேர் செலுத்துகின்றனர் என்று கணக்கெடுத்தல் வேண்டும். எண்ணிக்கை கையில் இருந்தால் விவாதம் சுருங்கும்.

இரயில்வேயின் அனுபவம் இங்கே நமக்குப் பயன்படும். நிலையங்களில் முன்பதிவில்லாப் பயணச்சீட்டு வழங்கும் தானியங்கி யந்திரங்களில் முதலில் வந்த வகை, முன்பணம் செலுத்தி வாங்கிய ஸ்மார்ட் கார்டில் மட்டும் இயங்கிற்று. நோட்டையும் ஏற்கும் வகை பின்னரே வந்தது. கார்டு வகை யந்திரங்களின் அருகே, ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர் முதலியோரைக் கழிவு அடிப்படையில் உதவியாளராக நியமித்து, பயணிகளிடம் ரொக்கம் பெற்றுச் சீட்டு எடுத்துத் தரச் செய்யும் ஏற்பாடும் நடைமுறையில் உள்ளது. சிப்பந்தியே தேவைப்படாது என்ற எண்ணத்தில் யந்திரம் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நெசவுத் தொழிலோடு சம்பந்தப்பட்ட உதாரணம் மஞ்சப்பை யந்திரமாகும். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் இம்மாநிலத்தில் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் சென்னைக் கோயம்பேடு அங்காடியில் பத்து ரூபாய்க்குத் துணிப்பை தரும் யந்திரம் நிறுவப்பட்டது. பின்னர் பல ஊர்களிலும் அத்தகைய யந்திரங்கள் வந்தன. அதன் விலை முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பை, ஒரு பத்து ரூபாய். மீதிச் சில்லறை கொடுக்கும் தொல்லையே அங்கு எழவில்லை.

2. கருவி நோட்டை எவ்வாறு அறிகிறது?

நோட்டு வாயில் நுழைந்ததும் சிறு மோட்டார் ஒன்று பட்டைகளைச் சுழற்றி அதை உள்ளே இழுக்கிறது. போகும் வழியில் மேலும் கீழும் உணர்விகள் அமைந்திருக்கும். அவை நோட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது, எவ்வளவு ஊடுருவுகிறது என்று குறித்துக்கொள்கின்றன. சில கருவிகளில் புற ஊதா ஒளியும், காந்த உணர்வியும் சேர்ந்திருக்கும். இவ்வாறு கிடைத்த குறிப்பை, தன் நினைவில் முன்னரே பதித்து வைத்த மாதிரிகளுடன் கருவி ஒப்பிடுகிறது. பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிடில் வெளியே தள்ளும். இவையெல்லாம் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, கருவிக்குத் தெரிந்தது அதன் நினைவில் உள்ள மாதிரி மட்டுமே. வேறொரு நாட்டு நோட்டுக்காகச் செய்யப்பட்ட கருவி, உலகப் புகழ் பெற்றதாயினும், இந்திய நோட்டுகளின் மாதிரி பதிக்கப்படாவிடில் நமக்கு உதவாது. இரண்டாவது, நோட்டில் படிந்த அழுக்கும் கறையும் கருவியின் தீர்ப்பை மாற்றக் கூடும்.

கறையைப் பற்றி நம் பக்கத்து அனுபவத்தைக் கொண்டு விளக்கலாம். ரூபாய் நோட்டின் தாள், புற ஊதா ஒளியில் சாதாரண வெள்ளைத் தாளைப் போல் பளிச்சிடுவதில்லை. எண்கள் அச்சிட்ட இடமும், தாளில் கலந்த சில இழைகளும் ஒளிரும். ஆனால் சட்டைப் பையில் மறந்து வைத்த நோட்டைச் சட்டையோடு சோப்புத்தூளில் துவைத்துவிட்டால், தூளில் உள்ள வெண்மைப் பொருள் தாளில் ஏறிக்கொள்ளும். பிறகு அந்நோட்டு முழுவதும் ஒளிரும். மஞ்சளும் புற ஊதா ஒளியில் ஒளிரும் தன்மையுடையது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கை மாறிய நோட்டு இக்காரணத்தால் திருப்பித் தள்ளப்பட இடமுண்டு. நோட்டு நல்ல நோட்டே, கொடுத்தவரும் நேர்மையானவரே. ஆயினும் யந்திரத்தின் முன்னால் பத்துப் பேர் பார்க்க அவர் நிற்க நேரிடுகிறது.

3. நம் நோட்டுகளின் அளவுகள்

வியாபாரியிடம் பேசுமுன் நம் நோட்டுகளின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 நவம்பர் முதல் 2019 வரை படிப்படியாக வெளிவந்த புதிய வரிசையின் அகல நீளங்கள் மில்லிமீட்டரில் வருமாறு:

ரூ. 10: 63 × 123
ரூ. 20: 63 × 129
ரூ. 50: 66 × 135
ரூ. 100: 66 × 142
ரூ. 200: 66 × 146
ரூ. 500: 66 × 150

இவற்றோடு முந்திய வரிசையின் சிறு நோட்டுகளும் இன்றும் செல்லும். அவற்றின் அளவுகள்:

ரூ. 10: 63 × 137
ரூ. 20: 63 × 147
ரூ. 50: 73 × 147
ரூ. 100: 73 × 157

இவ்விரு பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, கருவியின் வாய் 66 மில்லிமீட்டர் அகலம் மட்டும் கொண்டதாயின், பழைய நூறு ரூபாய் நோட்டும் ஐம்பது ரூபாய் நோட்டும் அதனுள் நுழையவே மாட்டா. இரண்டாவது, வாய் 73 மில்லிமீட்டர் அகலமாயின், 63 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்து ரூபாய் நோட்டு உள்ளே 10 மில்லிமீட்டர் இடைவெளியில் கோணலாகச் செல்லக் கூடும். நோட்டு கோணலாகச் சென்றாலும் படிக்க வல்லதா, அல்லது தானே நடுவில் நிறுத்திக்கொள்ளும் அமைப்பு உண்டா என்று கேட்டல் அவசியம். மூன்றாவது, பழைய இருபது ரூபாயின் நீளத்திற்கும் புதிய இருநூறு ரூபாயின் நீளத்திற்கும் வேறுபாடு ஒரே ஒரு மில்லிமீட்டர். ஓரம் தேய்ந்த நோட்டில் அவ்வேறுபாடும் மறையும். ஆகவே நீளத்தை முக்கியமாக நம்பும் மலிவான கருவி நமக்கு ஏற்றதன்று.

மாதிரி மாறினால் என்ன நேரும் என்பதை நாடு 2016 ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டன. புதிய 500, 2000 ரூபாய் நோட்டுகளின் அளவு வேறாக இருந்தமையால், நாடெங்கும் இருந்த சுமார் இரண்டு லட்சம் ஏ.டி.எம். யந்திரங்களில் பணத் தட்டுகளைத் தனித்தனியே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. வங்கிகளுக்கே அந்நிலை என்றால், ஒற்றை யந்திரம் வைத்துள்ள சங்கத்தின் நிலை யாது? 2000 ரூபாய் நோட்டு 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆக ஏழாண்டுக்குள் ஒரு நோட்டு வந்தும் போயிற்று. ஆகையால் புதிய நோட்டு வந்தால் மாதிரியைப் புதுப்பிப்பவர் யார், எத்தனை நாட்களுக்குள், எவர் செலவில் என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும்.

நாணயத்திற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வெளிவந்துள்ளது என்றும், அவை யாவும் செல்லும் என்றும் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. அதன் பின்னரும் புதிய வடிவங்கள் வந்துள்ளன. எல்லா வடிவங்களையும் ஏற்காத நாணயக் கருவி, செல்லாத நாணயம் என்ற வீண் வதந்திக்கு நாமே துணைபோனதாகும்.

4. இரு வகைத் தவறுகள்

நோட்டுக் கருவி செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. நல்ல நோட்டை மறுப்பது ஒன்று. கள்ள நோட்டை ஏற்பது மற்றொன்று. கருவியின் கண்டிப்பை அதிகரித்தால் முதல் தவறு பெருகும், குறைத்தால் இரண்டாம் தவறு பெருகும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமாயின் உணர்விகள் அதிகமாகவும் மாதிரிகள் செம்மையாகவும் இருத்தல் வேண்டும். விலை உயர்வதற்குக் காரணமும் அதுவே.

கள்ள நோட்டின் நஷ்டம் யாரைச் சேரும்? வங்கியில் நாம் செலுத்தும் பணத்தில் கள்ள நோட்டு இருந்தால் வங்கி அதைப் பறிமுதல் செய்துகொள்ளும், அதற்கு ஈடாக வரவு வைக்காது. விற்பனைச் சாலையிலாயின் சிப்பந்தி நோட்டைத் தடவிப் பார்த்து, ஐயமிருப்பின் மறுக்கலாம். யந்திரத்தில் நோட்டைப் போட்டவர் போய்விட்டார். ஆகவே முழு நஷ்டமும் சங்கத்தையே சேரும். நஷ்டத்தைத் தவிர்க்க எண்ணி அந்நோட்டை வேறொருவரிடம் தள்ளிவிடுவது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 179 ஆம் பிரிவின்படி கடுந்தண்டனைக்குரிய குற்றம். பெட்டியில் ஐயத்திற்குரிய நோட்டு கண்டால் அதைத் தனியே வைத்து, எழுத்தில் பதிந்து, வங்கியில் ஒப்படைப்பதே முறை.

நல்ல நோட்டை மறுக்கும் தவறு கணக்குப் புத்தகத்தில் தோன்றாது. வராத பணத்திற்குச் சீட்டு இல்லை. ஆதலால் அதைச் சிறு தவறு என்று கருதுவோர் உளர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் சங்கத்தின் தொகைகளை அவ்விடத்தில் இட்டுக்கொள்க.

கருவி 'அ' விலை ரூ. 10,000. நூறு நோட்டில் 92 ஐ ஏற்கும். கருவி 'ஆ' விலை ரூ. 18,000. நூறில் 97 ஐ ஏற்கும். ஒரு பைக்குச் சங்கத்திற்கு நிற்கும் லாபம் ரூ. 3 எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 200 பேர் நோட்டுடன் வரும் இடமாயின், இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு 10 பேர், அதாவது நாளொன்றுக்கு ரூ. 30. அதிகமாகக் கொடுத்த ரூ. 8,000 ஏறத்தாழ 267 நாளில், அதாவது ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும். நாளொன்றுக்கு 40 பேரே வரும் இடமாயின் வேறுபாடு 2 பேர், ரூ. 6. அதே ரூ. 8,000 திரும்ப 1,333 நாட்கள், அதாவது மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே ஜங்ஷன் வாசலுக்கு ஒரு விடை, உள்ளூர்த் தெருவிற்கு வேறொரு விடை. பக்கத்துச் சங்கம் வாங்கியதையே நாமும் வாங்குவது என்ற வழக்கம் இங்கே உதவாது.

ஆனால் கணக்கில் அடங்காத ஒன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். மறுக்கப்படும் நோட்டு பெரும்பாலும் பலர் கை மாறிய நோட்டு. அத்தகைய நோட்டைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் எளியவர். இரண்டு தடவை திருப்பித் தள்ளப்பட்டவர் மூன்றாம் தடவை நம் சங்கத்தின் பக்கம் வருவதில்லை.

5. நம் நோட்டுகளைக் கொண்டே சோதித்தல்

வியாபாரியின் அச்சிட்ட விளம்பரத்தில் 'நூற்றுக்குத் தொண்ணூற்றாறு' என்று இருக்கலாம். அச்சோதனை எந்த நாட்டில், எத்தகைய நோட்டைக் கொண்டு நடந்தது என்பது அதில் இராது. ஆகையால் சோதனையைச் சங்கமே செய்துகொள்வது நலம். முறை வருமாறு:

ஒரு நாள் மாலை விற்பனைச் சாலையின் ரொக்கத்திலிருந்து, நல்லதென்றும் அழுக்கென்றும் பொறுக்காமல், வந்தது வந்தபடியே 200 நோட்டுகள் எடுக்கவும். பத்து ரூபாய் 100, இருபது ரூபாய் 50, ஐம்பது ரூபாய் 20, நூறு ரூபாய் 20, ஐந்நூறு ரூபாய் 10 என்று அமைத்தால் மொத்தம் சரியாக ரூ. 10,000 ஆகும். ஆதலால் எடுத்ததும் வைத்ததும் ஒப்பிட எளிது. பழைய வரிசை நோட்டுகளும் அவற்றில் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு நோட்டையும் முகம் மேலாக, முகம் கீழாக, இடம் முன்னாக, வலம் முன்னாக என நான்கு விதமாகச் செலுத்தவும். ஆக 800 தடவை. தடவைக்குப் பத்து விநாடி வீதம் இரண்டேகால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். முதல் முயற்சியில் ஏற்றது, இரண்டாம் முயற்சியில் ஏற்றது, மறுத்தது, மதிப்பைத் தவறாகக் கூறியது, சிக்கிக்கொண்டது என ஐந்து கட்டங்களில் குறிக்கவும். மொத்த விகிதத்தை மட்டும் பார்த்து நிறைவடைதல் கூடாது. ஐந்நூறு ரூபாயை முழுவதும் ஏற்று, பத்து ரூபாயில் பாதியை மறுக்கும் கருவி, பத்து ரூபாய்ப் பை விற்கும் சங்கத்திற்குப் பயனற்றது. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனி விகிதம் காண வேண்டும்.

கள்ள நோட்டைப் பொறுத்தவரை நாமே போலி செய்து பார்ப்பதோ, நோட்டை நகல் எடுப்பதோ கூடவே கூடாது. அது சட்ட விரோதம். கையில் சிக்கிய கள்ள நோட்டைச் சோதனைக்கென்று வைத்துக்கொள்வதும் கூடாது. வெற்றுத் தாளை நோட்டின் அளவிற்கு வெட்டியும், செய்தித்தாள் துண்டு, துணித் துண்டு முதலியவற்றைச் செலுத்தியும் பார்க்கலாம். மற்றைச் சோதனைகளுக்கு வியாபாரியிடமிருந்து எழுத்து மூலமான சான்று கேட்பதே வழி.

நூலில் கட்டிய நோட்டு என்ற மோசடி ஒன்றுண்டு. நோட்டில் நூலையோ ஒட்டுநாடாவையோ இணைத்து உள்ளே விட்டு, பொருள் விழுந்ததும் வெளியே இழுத்துக்கொள்வது அது. நூலின் வலிமை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு சென்றபின் பின்வழியை அடைக்கும் கதவு கருவியில் உண்டா என்று நேரில் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

6. நிறுத்தி வைத்தல், பெட்டி, சாவி, கணக்கு

நல்ல கருவியில் 'எஸ்க்ரோ' என்னும் இடைநிலை உண்டு. நோட்டைச் சோதித்த பின் உடனே பெட்டிக்குள் தள்ளாமல், வழியிலேயே பிடித்து நிறுத்தி வைக்கும். பொருள் கையிருப்பில் உண்டு என்று யந்திரம் உறுதி செய்த பின்னரே நோட்டு பெட்டிக்குச் செல்லும். பொருள் இல்லையெனில் அதே நோட்டு வாங்கியவர் கைக்குத் திரும்பும். இவ்வசதியில்லாத கருவி, பணத்தை விழுங்கிவிட்டுப் பை தராமல் நிற்கும். அதன் பழி சங்கத்தின் பெயருக்கே வரும்.

மீதி கொடுக்க வேண்டுமாயின் செலவும் சிக்கலும் பெருகும். வாங்கிய நோட்டையே திருப்பித் தரும் 'ரீசைக்ளர்' வகை விலை அதிகம். ஆகவே விலையை முழு நோட்டாக வைத்து, அதற்கேற்ற நோட்டுகளை மட்டும் ஏற்கச் செய்வது எளிது. பத்து ரூபாய்க்கு ஒன்று, இருபது ரூபாய்க்கு இரண்டு என்று அமைக்கலாம். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளை ஏற்காதபடி அடைத்துவிட்டால் கள்ள நோட்டினால் வரும் பெருநஷ்டமும் தவிரும்.

பெட்டியின் கொள்ளளவு அடுத்தது. 600 நோட்டு கொள்ளும் பெட்டி, நாளொன்றுக்கு 150 நோட்டு விழுந்தால் நான்காம் நாள் நிறையும். பெட்டி நிறைந்தால் விற்பனை நின்றுவிடும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்ற ஒழுங்கு வேண்டும். பெட்டியை எடுப்பவர் ஒருவரும், திறந்து எண்ணுபவர் வேறொருவரும் ஆதல் வேண்டும். யந்திரக் கதவின் சாவியும் பெட்டியின் சாவியும் ஒருவரிடமே இருத்தல் கூடாது. யாரிடமும் ஐயங்கொண்டு கூறுவதன்று இது. நேர்மையான சிப்பந்தியைப் பிற்காலத்தில் வரும் பழியிலிருந்து காப்பதும் இவ்வொழுங்கே.

கணக்கைப் பற்றிக் கூறுமிடத்து, கருவி யந்திரத்தோடு பேசும் முறையைக் கவனிக்க வேண்டும். மலிவான கருவிகள் 'பல்ஸ்' முறையில், பத்து ரூபாய்க்கு ஒரு துடிப்பு, இருபதுக்கு இரண்டு என்று மட்டும் அனுப்பும். அதில் நோட்டு சிக்கியதா, பெட்டி எடுக்கப்பட்டதா என்பது தெரியாது. 'எம்.டி.பி.', 'சிசிடாக்' முதலிய முறைகளில் எந்த நோட்டு, ஏற்றதா மறுத்ததா, பெட்டி எப்பொழுது கழற்றப்பட்டது என்பவை செய்தியாக வரும். யந்திரம் அவற்றை நேரத்துடன் பதிந்து வைத்தால் அதுவே நமக்கு ரொக்கச் சிட்டை ஆகும். பெட்டியில் எண்ணிய தொகை, யந்திரம் காட்டும் தொகை, குறைந்த பைகளின் விலை என்னும் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒவ்வாத வேறுபாட்டை அன்றே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாத முடிவில் எழுதலாம் என்று விட்ட வேறுபாடு விளங்குவதே இல்லை.

7. தூசியும் மின்சாரமும்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பஞ்சுத் தூசி இல்லாத நெசவுக் கூடம் அரிது. அத்தூசி உணர்விகளின் கண்ணாடி மேல் படிந்தால், நேற்று வரை ஏற்ற நோட்டைக் கருவி இன்று மறுக்கும். மூடியைக் கையால் திறந்து மென்துணியால் துடைக்கத்தக்க அமைப்பு வேண்டும். இதற்கென மெக்கானிக்கை வரவழைக்க வேண்டிய கருவியை ஒதுக்கிவிடலாம். துணி அடுக்கும் இடத்திலிருந்து யந்திரத்தைத் தள்ளி நிறுத்துவதும் நன்று. தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் சாரலும் புழுதியும் சேர்ந்து வரும். ஈரமான நோட்டு பட்டையில் ஒட்டிச் சிக்கும். ஆகவே வெளியில் நிறுத்தும் யந்திரத்திற்குக் கூரை அவசியம்.

நோட்டு பாதி வழியில் இருக்கையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? இதைச் சோதனை நாளிலேயே செருகியைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் மீண்டதும் நோட்டைத் திருப்பித் தருதல், அல்லது ஏற்றுப் பதிதல் என்னும் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். இரண்டுமின்றி நோட்டு உள்ளேயே தங்கிப் பதிவும் இல்லாமற் போனால் அக்கருவி வேண்டாம்.

8. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

இக்கருவிகளின் பெயர்பெற்ற வகைகள் ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து, தைவான் முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. நமக்கு விற்பவர் உள்நாட்டு முகவர். ஆகவே கருவியின் புகழைவிட முகவரின் பொறுப்பே நமக்கு முக்கியம். பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் வருவார், பட்டையும் மோட்டாரும் தனியே கிடைக்குமா, மாதிரி புதுப்பிக்கக் கட்டணம் எவ்வளவு, நம் சோதனையில் கண்ட விகிதத்திற்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவாரா ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெற வேண்டும். குறைந்தது மூன்று முகவர்களிடம் விலைப்புள்ளி பெற்று, ஒரே சோதனையை மூன்று கருவிகளிலும் நடத்தி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் காரணங்களுடன் பதிய வேண்டும்.

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 இன் 87 ஆம் பிரிவு, வேண்டுமென்றே செய்த கவனக்குறைவினால் சங்கத்திற்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பொறுப்பானவர்களிடமிருந்து வசூலிக்க வழி செய்கிறது. காரணங்களைப் பதிந்து, சோதித்து வாங்கிய குழுவிற்கு அப்பிரிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சோதிக்காமல் வாங்கிய குழுவிற்கு யந்திரம் நன்றாக ஓடினால் அது அதிர்ஷ்டம். பங்குத் தொகையாகச் சேர்ந்த பணம் தறியடியில் உட்கார்ந்து உழைத்த பணம். அதை அதிர்ஷ்டத்தின் கையில் விடுதல் தகாது.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் விற்பனைச் சாலையில் சென்ற வாரம் ரொக்கமாகச் செலுத்தியவர் எத்தனை பேர்? கைப்பேசி மூலம் செலுத்தியவர் எத்தனை பேர்?

2. பழைய வரிசை நோட்டுகளை ஏற்காத கருவி பாதி விலைக்குக் கிடைத்தால் நம் சங்கம் வாங்கலாமா? எந்த மதிப்புள்ள நோட்டு நம்மிடம் அதிகம் வருகிறது என்பதைக் கொண்டு விடை கூறுக.

3. நம் பைக்கு நிற்கும் லாபத்தையும், நாள் விற்பனையையும் வைத்து, மேலே காட்டிய கணக்கை மீண்டும் செய்க. அதிக விலைக் கருவியின் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும்?

4. யந்திரக் கதவின் சாவியும் பெட்டியின் சாவியும் யார் யாரிடம் இருக்க வேண்டும்? பெட்டியை எண்ணும் நாளில் உடனிருக்க வேண்டியவர் யார்?

5. யந்திரம் மறுத்த நோட்டுடன் நிற்கும் ஒருவருக்கு உதவ, கடை மூடிய நேரத்தில் நம் சங்கம் என்ன ஏற்பாடு செய்ய இயலும்?